இன்னும் மூன்று மாதம்: பாம்பன் பாலத்துக்காகச் செய்த பயணங்கள்

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ரயில் பாலத்தைப் பார்ப்பது ராமநாதபுரம் பக்கம் வருகிற எல்லோருக்கும் ஒரு வேடிக்கை. என்னைப் போன்ற ரயில் பைத்தியங்களுக்கு அது நேர்த்திக்கடன். 2021 தொடங்கி 2025 வரை இந்த நேர்த்திக்கடனுக்காக மட்டுமே ஆறு முறை ராமேசுவரம் சாலையில் பயணம் செய்திருக்கிறேன். அவற்றில் நான்கு முறை ராமநாதசுவாமியைத் தரிசிக்காமலேயே திரும்பினேன் என்பதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே அமையவிருந்த புதிய ரயில் பாலத்துக்கான அடிக்கல் 2019 மார்ச் 1 அன்று கன்னியாகுமரியில் நடந்த விழாவில் நாட்டப்பட்டது. 2020 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. 2021-க்குள் முடிந்துவிடும் என்றார்கள். அடுத்த மாதமே ஊரடங்கு வந்துவிட்டதால், முதல் தாமதத்துக்காக யாரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. நாங்கள் என்றால் நானும், ஒரே பித்துப் பிடித்த என் நண்பர்கள் மூவரும். 2021 ஜனவரியில் நால்வருமாகப் போய்ப் பார்த்தபோது, பழைய பாலத்துக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய்கள் நீரிலிருந்து தலைநீட்டி நின்றன. மிதவை மேலிருந்த கிரேன் ஒன்று ஏதோ ஒரு குழாயின் மேல் குனிந்தபடி அசையாமல் இருந்தது. கடலடியில் இறக்கும் அடித்தளக் குழாய்களான பைல்கள் மொத்தம் 333, அவற்றின்மேல் 101 தூண்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம். கண்ணுக்குத் தெரிந்தவற்றை எண்ணி, கழிந்த மாதங்களால் வகுத்து, மிச்சத்துக்கு எத்தனை மாதமாகும் என்று சாலைப் பாலத்திலேயே நின்று கணக்குப் போட்டோம். எட்டு மாதம் கழித்து வந்து அதே இடத்தில் நின்று மறுபடி எண்ணியபோது, அந்தக் கணக்கைப் போட்ட நண்பன் எங்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டான்.

அன்று எங்களுக்கு வந்த கோபம் சாதாரணமானதன்று. பழைய பாலத்தில் 1911-இல் வேலையைத் தொடங்கி 1914 பிப்ரவரி 24 அன்று வெள்ளைக்காரன் ரயிலே விட்டுவிட்டான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்து, பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்களை, அதாவது இரும்பு விட்டங்களை, கடலில் தள்ளியபோது, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் அதைச் சீர்செய்துவிட்டது. இப்போது இத்தனை இயந்திரம் இருந்தும் என்ன கேடு என்று, பாம்பனில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நால்வரும் மாறி மாறிப் பேசினோம். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரர் வெகுநேரம் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“தம்பி, நீங்க இப்ப நின்னு பாத்துட்டு வர்றீங்களே ரோட்டுப் பாலம், அத எத்தன வருஷம் கட்டுனாங்கன்னு தெரியுமா?”

தெரியும். 1974-இல் தொடங்கிய வேலை 1988 அக்டோபர் 2 அன்றுதான் திறப்பு விழா கண்டது. பதினான்கு வருடம். ஆனாலும் அந்தக் கணத்தில் எங்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

“வாடையில வடகடல் சும்மா இருக்காது, கச்சான்ல தென்கடல் சும்மா இருக்காது. ரெண்டுக்கும் ஊடால நின்னுக்கிட்டு எப்ப வேல பாக்குறதாம்?” என்றார் அவர்.

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. வாடை என்பது வடகிழக்குக் காற்று, கச்சான் என்பது தென்மேற்குக் காற்று. பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். ஒன்று கொந்தளிக்கும் பருவத்தில் மற்றொன்று ஓரளவு அடங்கியிருக்கும் என்பதை இக்கரையோரத்து மீனவர்கள் சிறுவயதிலேயே அறிந்துகொள்கிறார்கள். பாலமோ இரண்டும் கலக்கிற இடுக்கில் இருப்பதால் அதற்கு இரு பக்கத்துச் சீற்றமும் உண்டு. மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைக் காற்று தாண்டினால் பழைய பாலத்தில் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. அப்படிப்பட்ட காற்றில் மிதவையை ஓரிடத்தில் நிறுத்திக் கடலடியைத் துளைப்பது எப்படியிருக்கும் என்று, சாலைப் பாலத்தில் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்ற எங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. உப்பு வேறு. இரண்டு நாள் தங்கியதற்கே என் கேமரா ஸ்டாண்டின் திருகுகளில் துரு படிந்துவிட்டது. இந்த உப்புக்காகத்தான் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும், பாலிசிலோக்ஸேன் என்னும் தனிவகைப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இத்தனையும் புரிந்த பிறகும் என் ஆத்திரம் முழுதாகத் தணியவில்லை. கடலின் குணம் இன்று நேற்று வந்ததா? அது தெரிந்தவர்கள் ஏன் 2021 என்று தேதி கொடுத்தார்கள்? ஒவ்வொரு முறையும் விசாரித்த இடங்களிலெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: இன்னும் மூன்று மாதம். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த மூன்று மாதத்தைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதன் உண்மையான விலை 2022 டிசம்பர் 23-க்குப் பிறகு தெரிந்தது. பழைய பாலம் பாதுகாப்பானதன்று என்று அன்றோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். ராமேசுவரம் ரயில்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ முடிந்துபோயின. மறு வருடம் ஒரு விடியற்காலையில் மண்டபத்தில் இறங்கினேன். நடைமேடை முழுவதும் மூட்டை முடிச்சுகளோடு வடநாட்டு யாத்ரீகர்கள் நின்றிருந்தார்கள். வாய் அடைக்கப்பட்ட கங்கைநீர்ச் செம்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, கடல் இருக்கும் திசையைக் கையால் காட்டி, “ராமேசுவரம்?” என்று என்னிடம் கேட்டார். ஆம் என்று தலையசைத்தேன். அவர் எழுந்து அந்தத் திசையிலேயே நடக்கத் தொடங்கிவிட்டார். பின்னாலேயே ஓடி நிறுத்தி, வேனில் ஏற்றிவிடுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. தலைக்கு எவ்வளவு என்று வேன்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்த அவருடைய மகனுக்கு இது எதுவும் தெரியாது. தூண்களை எண்ணி அலுத்துக்கொள்ளும் எங்கள் சங்கடம் எவ்வளவு சொகுசானது என்பது அன்று உறைத்தது.

2024 மே மாதம் அக்காள் மகனை அழைத்துக்கொண்டு போனதுதான் எனக்கு மிகப் பிடித்த பயணம். அவன் கேளிக்கைப் பூங்காப் பைத்தியம். சென்னைக்கு வெளியே ஒரு பூங்காவில் வருகிறது வருகிறது என்று சொல்லப்பட்ட பெரிய ராட்டினம் இரண்டு வருடமாகத் தார்ப்பாய்க்குள்ளேயே கிடப்பதைப் பற்றி மதுரையிலிருந்து மண்டபம் வரை புலம்பிக்கொண்டே வந்தான். அவன் ராட்டினத்துக்கு என் பாலம் சளைத்ததில்லை என்று காட்டுவதற்காகவே சாலைப் பாலத்தில் இறக்கினேன். அப்போது கப்பலுக்கு வழிவிட மேலே உயரும் தூக்குப் பாலத்தின் நடுப்பகுதி நகர்ந்துகொண்டிருந்தது. 72.5 மீட்டர் நீளமும் சுமார் 660 டன் எடையும் கொண்ட அந்த இரும்புக் கூட்டைப் பாம்பன் கரையோரத்தில் வைத்துக் கோத்து, முடிந்த தூண்களின் மேலாகவே மெல்ல இழுத்துச் சென்றார்கள். வழியில் பாதை வளைவதால், வளைவுக்கேற்ப அதைத் திருப்பித் திருப்பித்தான் நகர்த்த வேண்டியிருந்தது. மார்ச்சில் புறப்பட்டது, தன் இடத்துக்குப் போய்ச்சேரக் கோடை முழுவதும் போதவில்லை.

கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அங்கே கண்ணை வைத்து, இரும்புக் கூட்டின் முன்விளிம்பைப் பழைய பாலத்தின் ஒரு தூணோடு நேர்ப்படுத்திக்கொண்டேன். இரண்டு மணி நேரம் நின்றோம். விளிம்பு தூணை விட்டு அசையவில்லை. வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டு வந்த பெண்மணி எங்களை இரண்டு முறை கடந்துபோய்விட்டு, மூன்றாம் முறை, “எதையாச்சும் கடல்ல போட்டுட்டீங்களா?” என்று கேட்டார். மறுநாள் காலை அதே கோட்டில் வந்து கண்ணை வைத்தபோது, விளிம்புக்கும் தூணுக்கும் இடையே நூலளவு வானம் தெரிந்தது. நான் கூவியதில் பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“மாமா, அங்கயாவது உள்ள போனா வேற ராட்டினத்துல ஏறிக்கலாம்” என்றான் அக்காள் மகன். ஆனால் கோட்டில் கண்ணை வைத்துத் தானும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினான்.

அதன்பின் நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவைதாம். நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்து சில குறைகளைச் சுட்டிக்காட்டினார். தீபாவளி, பொங்கல் என்று நாங்கள் கட்டிவைத்திருந்த எதிர்பார்ப்புகள் வரிசையாகச் சரிந்தன. கடைசியில் 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று பாலம் திறக்கப்பட்டது. செலவு 550 கோடி ரூபாய்க்கு மேல். விழாக் கூட்டத்தில் பாலத்தைப் பார்க்க முடியாது என்று நான் போகவில்லை.

மே மாத இறுதியில் ராமநாதபுரத்தில் ரயிலேறி சன்னலோர இருக்கையைப் பிடித்தேன். பழைய பாலத்தில் ரயில் மணிக்கு 10, 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துபோகும். கடலைப் பார்த்து, படகைப் பார்த்து, வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு பயந்து முடிப்பதற்குள் பத்து நிமிடமாவது ஆகும். புதியதில் மணிக்கு 75 கிலோமீட்டர் வரை போகலாம், தூக்குப் பகுதியில் மட்டும் 50. பதினெட்டே சொச்சம் மீட்டர் நீளமுள்ள 99 கண்களையும், அதாவது தூணுக்குத் தூண் உள்ள பகுதிகளையும், எண்ணிவிடுவது என்று உறுதியோடு உட்கார்ந்திருந்த நான், முப்பதைத் தாண்டுவதற்குள் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். தூக்குப் பகுதியின் கோபுரங்கள் சன்னலை மறைத்து விலகின. ஒருகணம் பழைய பாலத்தின் துருவேறிய இரும்பு தெரிந்தது. அவ்வளவுதான், பாம்பன் வந்துவிட்டது.

எதிர் இருக்கையில் தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த சிறுமி அப்போதுதான் விழித்து, “பாலம் எங்கம்மா?” என்றாள். போய்விட்டது என்று தெரிந்ததும் அழத் தொடங்கினாள். எழுப்பத்தான் நினைத்ததாகவும், அதற்குள் முடிந்துவிட்டதாகவும் அந்தத் தாய் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் என்னிடம் சொன்னார். ராமேசுவரத்தில் இறங்கியதும், திரும்பிப் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்து அவரிடம் சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டேன்.