மரியாதையாக ஊதாதீர்கள்

எக்ஸ்ரே எடுக்க அசையாமல் நின்றால் போதும். ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினால் போதும். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாலும் முடிவு மாறாது. சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் அது நடக்காது. ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியை நோயாளிதான் செய்துகொடுக்க வேண்டும். அவர் அரைகுறையாக ஊதினால் நல்ல நுரையீரல்கூடக் கெட்டதாகத் தெரியும்.

கேட்பதற்கு எளிது. மூக்கில் கிளிப், வாயில் குழாய். முடிந்தவரை மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் முழு வேகத்தோடு வெளியே தள்ள வேண்டும். காற்று தீர்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வினாடியில் வரும் காற்று எஃப்இவி1, மொத்தமாக வருவது எஃப்விசி. முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் எண் குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று பொருள். குறைந்தது மூன்று ஊதல்கள் சரியாக அமைய வேண்டும். பெரியவர்களுக்கு அவற்றில் சிறந்த இரண்டும் 150 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். எட்டு முறைக்கு மேல் பொதுவாக ஊதச் சொல்வதில்லை, ஆள் களைத்துவிடுவார்.

இதற்குப் பெரிய தடை நோயைவிட மரியாதைதான். முழு வேகத்தில் ஊதினால் சத்தம் வரும், எச்சில் தெறிக்கும், முகம் கோணும், சில வயதான பெண்களுக்குச் சிறுநீர்கூடக் கசியும். (அதற்குத்தான் முதலில் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்கிறோம்.) நம் பாட்டிமார்களுக்கு அந்நியர் முன்னால் இப்படி ஊத மனம் வராது. குழாயை வாயில் வைத்துப் பூப்போல ஊதிவிட்டு, "போதுமாம்மா?" என்பார்கள். "பாட்டி, மரியாதையா ஊதாதீங்க, கோபமா ஊதுங்க" என்று சொல்லி, நானே ஒருமுறை கன்னம் அதிர ஊதிக் காட்டுவேன். பாட்டி சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் "தள்ளுங்க, தள்ளுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று நான் போடும் கூச்சலில், எங்கள் அறை பிரசவ வார்டு மாதிரி இருக்கும். புதிதாக வேலைக்குச் சேருபவர்களும் இந்தக் கூச்சலுக்குத்தான் முதலில் கூசுகிறார்கள்.

முதல் சுற்று முடிந்ததும், மூச்சுக்குழாயைத் திறக்கும் சல்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் உள்ளிழுக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வோம். எண் நன்றாக ஏறினால் ஆஸ்துமாவுக்கான வலுவான தடயம். எனக்கு அந்தக் காத்திருக்கும் 15 நிமிடம் முக்கியம். மருத்துவரிடம் சொல்லாததை எல்லாம் அப்போதுதான் சொல்வார்கள்.

பெரும்பாலும் பம்ப்பைப் பற்றித்தான், அதாவது மருந்தை உள்ளிழுக்கும் இன்ஹேலரை. "பம்ப் எடுத்தா பழகிடும்" என்பது தேக்காவிலிருந்து ஈசூன் வரை கேட்கிற பேச்சு. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கு ஆஸ்துமா என்று சொல்லவில்லை, அதனால் மாமியார் பார்க்காதபடி கைப்பையின் அடியில் பம்ப்பை வைத்திருப்பவர்கள் உண்டு. அப்படி ஒளித்து வைத்திருப்பது எப்போதும் நீல நிறப் பம்ப்தான், மூச்சுத் திணறும்போது உடனே திறந்துவிடுவது. அழற்சியை அடக்கும் மற்றொன்றை, தினமும் எடுக்க வேண்டியதை, ஸ்டீராய்டு என்று கேட்டதுமே ஓரம் கட்டிவிடுகிறார்கள். அதில் உள்ள அளவு மைக்ரோகிராம் கணக்கு. அதற்குப் பயந்து, திணறல் முற்றி அவசரப் பிரிவுக்கு வந்தால் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரையோ மில்லிகிராம் கணக்கு. வெறும் நீலப் பம்ப்பை மட்டும் நம்பி ஆஸ்துமாவுக்கு மருத்துவம் செய்யக் கூடாது என்று ஜீனா என்ற உலக வழிகாட்டி 2019-லேயே சொல்லிவிட்டது. வீட்டுக்குள் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

"தினமும் எடுக்கிறேன்" என்று சொல்பவர்களுக்கு இன்னொரு இயந்திரம் இருக்கிறது. சீராக, மெதுவாக, 10 வினாடி ஊதினால் மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை அளக்கும். பெரியவர்களுக்கு நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் போனால் ஒவ்வாமை வகை அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். மருந்து எடுத்தும் எண் இறங்காததற்கு வேறு காரணங்களும் உண்டு, பம்ப்பைத் தப்பாக இழுப்பது உட்பட. அதனால் நான் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. "எப்படி எடுக்கிறீங்க, காட்டுங்க" என்பேன். மூடியைக் கழற்றத் தெரியாமல் விழிப்பவரும் உண்டு.

தோல் பரிசோதனையிலும் இதே கதைதான். முன்கையில் ஒவ்வாமைப் பொருள்களைச் சொட்டு சொட்டாக வைத்து லேசாகக் குத்துவோம், 15 நிமிடத்தில் தடிப்பை அளப்போம். உப்புநீர்ச் சொட்டைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக வீங்கினால் பாசிட்டிவ். தோலைத் தடிக்கவைக்கும் ஹிஸ்டமினையும் ஒப்பீட்டுக்கு ஒரு சொட்டு வைப்போம். அது கட்டாயம் வீங்கியாக வேண்டும், அது வீங்காவிட்டால் முழுப் பரிசோதனையும் வீண். "மருந்து எதுவும் சாப்பிடல" என்று சத்தியம் செய்தவரின் கையில் ஹிஸ்டமின் அசையாமல் கிடக்கும்போது, "சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை?" என்று கேட்க வேண்டும். "அதெல்லாம் மருந்தா?" என்பார்கள். அவைதான் வீக்கத்தை அடக்கிவிடுகின்றன. சரி, ஒரு வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று அனுப்புவோம். இங்கே பெரும்பாலோருக்கு வீங்குவது தூசிப்பூச்சிதான், அதிலும் பிளோமியா டிராபிகாலிஸ் என்ற வெப்பமண்டல வகை இங்கே ஏராளம். நம் ஈரக்காற்றும் மெத்தையும் அதற்குச் சொர்க்கம்.

2013 ஜூனில் புகைமூட்டம் வந்து, 21ஆம் தேதி காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401-ஐத் தொட்டது. ஊரே இருமியது. அப்போது இருமலைக் கைக்குட்டைக்குள் அடக்கிக்கொள்ள வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. புகை கலைந்ததும் பழைய கூச்சம் திரும்பிவிட்டது.

எல்லாரையும்விட அதிகமாக மறைப்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிகள். "ஒண்ணும் இல்லக்கா, சும்மா இருமல்." நோய் என்று தாளில் ஏறினால் வேலை அனுமதி போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் அப்படியே நிற்கும்போது, பயப்படாதே என்று சொல்ல எனக்கென்ன தகுதி? அண்மையில் வந்த ஒருவர் கார் பட்டறையில் ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர். முதல் சுற்றில் எஃப்இவி1 நன்றாகவே குறைந்திருந்தது, மருந்துக்குப் பின் ஏறியது. காத்திருந்த நேரத்தில் ஊர்ப் பேச்சு வந்தது. "லீவுல ஊருக்குப் போனா இருமல் தன்னால நின்னுடுதுக்கா, நம்ம ஊர்க் காத்து அப்படி" என்று பெருமையாகச் சொன்னார்.

அவர் ஊர்க் காற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கார் பெயின்ட்டில் கலக்கும் கடினமாக்கியில் இருக்கும் ஐசோசயனேட், வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்கப் பேர்போன காரணம். அவர் சொன்னதை அப்படியே குறிப்பில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தேன். ஊதும் வேகத்தை அளக்கும் ஒரு சின்ன பீக் ஃப்ளோ மீட்டரும் அட்டவணையும் கையில் கொடுத்தார்கள். வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் தினம் நான்கு வேளை ஊதிக் குறித்துவர வேண்டும். வேலையால் வந்த ஆஸ்துமா என்று உறுதியானால், இங்கே இழப்பீட்டுச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு என்று மருத்துவ சமூகப் பணியாளர் அவருக்கு விளக்கினார். தம்பி பாதி நம்பியும் பாதி நம்பாமலும் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, விடுதியில் தன்னோடு தங்கியிருக்கும் இன்னொருவருக்கும் இதே இருமல்தான், அவரும் அதே பட்டறைதான் என்றார். அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும், அதற்கு மேலாளரிடம் அரைநாள் விடுப்புக் கேட்க வேண்டும், என்ன காரணம் சொல்லிக் கேட்பது என்பதில்தான் இப்போது நிற்கிறது.