எண் பிழையில் மாட்டிய பல்சர்கள்

பல்சர் பட்டியலை வைத்து ஒரு வரைபடம் போடப்போகிறேன் என்றதும் தம்பி கேட்டான்: "எந்த மாடல்ணா, 150ஆ, 220ஆ?" எங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் அந்தச் சொல்லுக்கு பைக் தவிர வேறு அர்த்தம் கிடையாது. நான் சொன்னது நியூட்ரான் நட்சத்திரம்: பெரிய நட்சத்திரம் வெடித்த பிறகு மிஞ்சும் அடர்ந்த உருண்டை. அது சுழலச் சுழல, கலங்கரை விளக்கம் மாதிரி ரேடியோ கற்றை நம்மைத் தொட்டுவிட்டுப் போகும். 1967இல் ஜோசலின் பெல் கண்ணில் பட்ட முதலாவது பல்சர் 1.337 நொடிக்கு ஒரு தரம் துடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஏடிஎன்எஃப் என்ற ரேடியோ தொலைநோக்கி அமைப்பின் பட்டியலில் இன்று 3,000க்கும் மேல் இருக்கின்றன. காசு கொடுக்காமல் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

எனக்கு வேண்டியது நாலே பத்தி: பெயர், பி0 என்ற சுழற்சிக் காலம், அது எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று சொல்லும் பி1, எந்த விண்மீன் கொத்தைச் சேர்ந்தது என்ற குறிப்பு.

பி1 எனக்குப் புரிந்தது பக்கத்து வீட்டு விசைத்தறியால். கரண்ட் போனதும் தறி டக்கென்று நிற்காது. தடக் தடக் என்று ஓடியது தடக்... தடக்... என்று இழுத்து நாலைந்து அடியில் அடங்கும். பல்சரும் அப்படித்தான் தளர்கிறது, ஆனால் யாருக்கும் தெரியாத மெதுவில். நண்டு நெபுலா பல்சர் நொடிக்கு 30 தரம் சுற்றுகிறது. வேகமாகத் தளரும் ரகம் என்று பேர். அதற்கே ஒரு நாளில் சுழற்சிக் காலம் சுமார் 36 நானோநொடிதான் கூடுகிறது.

முதல் ஞாயிறு முழுக்க வீண். மதிப்பு தெரியாத கட்டங்களில் பட்டியல் நட்சத்திரக் குறி போட்டிருக்கும். அதைக் காலி செய்யலாம் என்று எக்ஸெல்லில் 'எல்லாவற்றையும் மாற்று' அழுத்தினேன். அங்கே அந்தக் குறிக்கு 'எதுவாக இருந்தாலும்' என்று பொருளாம். மொத்தத் தாளும் வெள்ளை. முன்னால் ஒரு டில்டே (~) போட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

அடுத்த வாரம் பி0, பி1 இரண்டுக்கும் மடக்கை எடுத்துப் புள்ளி வைத்தேன். நடுவில் பெரிய கூட்டம், கீழே இடது மூலையில் மில்லிநொடி பல்சர்களின், அதாவது சில மில்லிநொடிக்கு ஒரு சுற்று சுற்றுபவற்றின், தனிக் கூட்டம். புத்தகத்தில் பார்த்த அதே படம் என் மடிக்கணினியில்! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கடுகு கொட்டின மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ஆனால் சில வரிகளில் எக்ஸெல் எண் பிழை (#NUM!) காட்டியது. போய்ப் பார்த்தால் பி1 கழித்தல் எண். அதற்கு மடக்கை எங்கே வரும்? பல்சர் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்றல்லவா அர்த்தம்! பட்டியலில்தான் தப்பு என்று முடிவே கட்டிவிட்டேன். வரிகளை வடிகட்டியபோதுதான் உறைத்தது. ஜே0024-7204சி, ஜே0024-7204டி என்று ஒரே பெயர், கடைசி எழுத்து மட்டும் வேறு. கொத்துப் பத்தியில் 47 டுகானே. மற்ற பிழைகளிலும் பெரும்பாலானவை ஏதோ ஒரு கோளக்கொத்தில், அதாவது பந்து போலத் திரண்ட நட்சத்திரக் கூட்டத்தில், இருந்தன.

விஷயம் இதுதான். கொத்தின் மையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பல்சர் இருந்தால், மொத்தக் கொத்தின் ஈர்ப்பு அதை மையத்தை நோக்கி, அதாவது நம் பக்கமாக, முடுக்குகிறது. அதனால் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது போல நமக்கு வந்து சேருகிறது. உள்ளே அது தளர்ந்துகொண்டுதான் இருக்கும். மில்லிநொடி பல்சர்களின் தளர்ச்சி மிகச் சிறியது என்பதால் இந்த இழுப்பு அதை அமுக்கிவிடுகிறது.

நான் அழிக்க இருந்த வரிகளில் பி2127+11ஏ என்று ஒன்று, எம்15 கொத்தில். அதன் இன்னொரு பெயர் ஜே2129+1210ஏ. பெயரின் பின்பாதி வானத்தில் அது இருக்கும் இடம்: வான நடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகை 10 கலை. சேலத்தின் அட்சரேகை ஏறக்குறைய 11 பாகை 39 கலை. அரை பாகைதான் வித்தியாசம், அப்படியென்றால் அது எங்கள் மொட்டைமாடிக்கு நேர் மேலே கடக்க வேண்டும்.

அக்டோபர் நடுவில் ஒரு ராத்திரி எட்டேகாலுக்குப் பாயை விரித்து மல்லாந்து படுத்தேன், கையில் 10x50 பைனாகுலர். வடக்கே சேர்வராயன் மலைப் பக்கம் மேகம், உச்சியில் தெளிவு. ஈனிஃப் நட்சத்திரத்தைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தினால், குவியம் சரியில்லாத நட்சத்திரம் போல ஒரு பஞ்சுப் பொட்டு. சுமார் 33,000 ஒளியாண்டு தூரம். பல்சர் இதில் தெரியாது, கொத்து மட்டும்தான். கீழே பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மேலே வந்து பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்ளோ மைலேஜ்?" என்றான்.