எங்கள் பாத்தி ஏன் விளையாமல் நின்றது

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் என் பொறுப்பில் ஒரு பாத்தி. சுற்றிலும் செங்கல் கட்டி உயர்த்தியது, நீளம் இரண்டரை மீட்டர், அகலம் ஒரு மீட்டர். 2016இல் மண் நிரப்பினோம். முதல் ஐந்தாறு வருடம் வெண்டையும் கத்தரியும் காய்த்த காய்ப்பில், டெக்கா மார்க்கெட்டுக்குப் போனால் அந்த இரண்டை மட்டும் வாங்காமல் வருவேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவர், அவருக்கும் ஒரு பை போகும்.

அப்புறம் நின்றுபோனது. ஒரே நாளில் இல்லை, இரண்டு வருடத்தில். விதை முளைக்கும், நாற்று நன்றாகவே இருக்கும், ஐந்தாறு வாரம் வளரும். முழங்கால் உயரம் வந்ததும் அப்படியே நிற்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கு இலையெல்லாம் தொங்கும். விரலை விட்டுப் பார்த்தால் மண் ஈரமாகத்தான் இருக்கும். மாலையில் தானாக நிமிரும். வெண்டை ஒரு செடிக்கு நாலு காய், அதுவும் வளைந்து.

என் முதல் முடிவு: சத்துக் குறைவு. இங்கே வருடத்துக்கு 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தழைச்சத்து நீரோடு போய்விடும், அது உண்மைதான். அதனால் கோழி எரு போட்டேன். ஒரு வாரம் இலை பச்சை பிடித்தது, பிறகு பழையபடி ஆனது. இன்னும் போட்டேன். எட்டு மாதம் இப்படியே ஓடியது. இப்போது நினைத்தால் அந்த எட்டு மாதம்தான் வருத்தமாக இருக்கிறது.

தோட்டத்தில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வெயில் போதவில்லை என்றார் மாக்சிக். அதை லேசில் தள்ள முடியாது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஜூனில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது, டிசம்பரில் தெற்கே. புளோக்கின் நிழல் பாதி வருடம் ஒரு பக்கம் விழும், பாதி வருடம் மறுபக்கம். ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒரு தடவை கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் மூன்று வரை வெயில் இருந்தது. ஆறு மணி நேரம் வெண்டைக்குப் போதும். தண்ணீர் தேங்குகிறதா என்று ஒரு முழம் குழி தோண்டி நிரப்பினேன், அரை மணியில் வடிந்தது. மண்ணின் அமிலத்தன்மையைச் சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்ததில் pH 6.2, அதிலும் குறை இல்லை.

துப்பு கிடைத்தது கீரையில். அதே பாத்தியின் ஓரத்தில் விதைத்த தண்டுக்கீரை தளதளவென்று வந்தது. அடுத்த பாத்தியில் சீன அங்கிள் போடும் சாய் சிம் என்ற சீனக் கீரைக்கும் ஒரு குறையும் இல்லை. மண்ணில் சத்தே இல்லையென்றால் கீரை மட்டும் எப்படி வரும்? இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கீரையை 25, 30 நாளில் அறுத்துவிடுகிறோம். வெண்டையும் கத்தரியும் மாதக்கணக்கில் மண்ணில் நிற்கின்றன. ஆக, இந்த மண்ணில் நாள் போகப் போகத்தான் ஏதோ நடக்கிறது. ஒரு தாளில் பாத்தியை வரைந்து, மோசமான செடிகளைச் சிவப்பில் குறித்தேன். சிவப்பு பரவலாக இல்லை, கிழக்கு மூலையில் திட்டாகக் குவிந்திருந்தது. சத்துக் குறைவு இப்படித் திட்டுத் திட்டாக வருவது குறைவு.

வேரைப் பார்த்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. உயிரோடு இருக்கிற செடியைப் பிடுங்க எனக்கு மனம் வருவதில்லை. எப்படியும் ஒரு காய் தரும் என்றே விட்டு வைப்பேன். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு ஞாயிறு காலை, மனதைக் கல்லாக்கிக்கொண்டு நடு வெண்டை ஒன்றைச் சுற்றி மண்வெட்டி போட்டு வேரோடு தூக்கினேன். வாளித் தண்ணீரில் அலசினேன்.

வேர் வேராக இல்லை. மெல்லிய நார் வேர்களே கிடையாது. முழுக்க முடிச்சு முடிச்சாக, இஞ்சிக் கிழங்கு போல வீங்கி இருந்தது. வேர் முடிச்சு நூற்புழு, மண்ணிலிருந்து வேருக்குள் புகும் நுண்ணிய புழு.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. இரண்டு வருடம் முன்பு பயத்தங்காய்க் கொடியைப் பிடுங்கியபோதும் வேரில் முடிச்சுகளைப் பார்த்திருக்கிறேன். பயறு வகையின் வேரில் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நல்ல முடிச்சுகள் வரும் என்று படித்திருந்ததால், சந்தோஷத்தோடு வேரைப் பாத்தியிலேயே புதைத்துவிட்டேன். இரண்டையும் பிரித்தறிவது கடினமே இல்லை. நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணி போல ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். புழு உண்டாக்கும் முடிச்சு உதிராது, ஏனென்றால் வேரேதான் வீங்கியிருக்கிறது. பயறு பயிரிடுகிறவர்கள் இதை ஒருமுறை கையால் செய்து பார்த்துவிடுங்கள்.

குஞ்சுப் புழு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. வேர் நுனியில் நுழைந்து அங்கேயே தங்கிவிடும். பெண் புழு ஒன்று நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெதுவெதுப்பான மண்ணில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். கீரை தப்பித்ததும் வெண்டை ஆறாவது வாரத்தில் நின்றதும் ஏன் என்று இதில் விளங்கியது. குளிர் நாடுகளில் பனிக்காலம் அதன் பெருக்கத்தைத் தடுக்கும். இங்கே மண் குளிர்வதே இல்லை. நானும் அதற்குப் பிடித்த வெண்டை, கத்தரி, தக்காளியையே வருடக்கணக்கில் மாற்றி மாற்றி நட்டு விருந்து வைத்திருக்கிறேன்.

ஆனாலும் ஒரே செடியை வைத்து முடிவு கட்ட விருப்பமில்லை. வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் எட்டுத் தொட்டி வைத்தேன், நான்கு வகையில் இரண்டிரண்டு. முதல் வகையில் பாத்தி மண் அப்படியே. இரண்டாவதில் அதே மண், பழைய பாத்திரத்தில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்தது. மூன்றாவதில் பாத்தி மண்ணோடு கோழி எரு. நான்காவதில் புதிய பை மண். எல்லாவற்றிலும் வெள்ளரி விதை, ஏனென்றால் அதன் வேரில் முடிச்சு சீக்கிரம் தெரியும். கொசு வந்துவிடக் கூடாதென்று அடித்தட்டில் நின்ற தண்ணீரை ஒவ்வொரு நாளும் கொட்டினேன். மண் வெந்த வாசனை முதலில் புது மழை மாதிரி இருந்தது, அப்புறம் அம்மா எல்லா ஜன்னலையும் திறக்கச் சொல்லும்படி ஆனது.

ஐந்து வாரம் கழித்து எல்லாவற்றையும் அலசினேன். வேகவைத்த மண்ணிலும் புது மண்ணிலும் செடி ஒரு முழத்துக்கு மேல், வேர் வெள்ளைப் பஞ்சு போல. பாத்தி மண்ணில் பாதி உயரம்தான், வேர் முழுக்க முடிச்சு. எரு கலந்ததில் இலை மட்டும் கரும்பச்சை, உயரமும் முடிச்சும் முதல் வகையைப் போலவே. மண்ணை வேகவைத்தால் சத்தும் கொஞ்சம் வெளிப்படும், ஆகையால் உயரத்தை மட்டும் நம்பக் கூடாது. வேர்தான் சாட்சி. எட்டு மாதம் நான் எதைச் செய்துகொண்டிருந்தேன் என்பதை அந்த மூன்றாவது வகைத் தொட்டிகள் காட்டிவிட்டன.

அடுத்து இன்னொன்று நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கியது. இந்தப் பாத்தியில் வளர்த்த மிளகாய் நாற்று 12ஐ நாலு பேருக்கு மண்ணோடு கொடுத்திருந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் வாளியில் அந்த வெண்டை வேரைக் கொண்டுபோய்க் காட்டி, நடந்ததைச் சொன்னேன். எல்லாருமாகப் பார்த்ததில் இரண்டு பாத்தியில் முடிச்சு இருந்தது. யாரும் கோபப்படவில்லை. "இதுக்குப் போய் ஏம்மா கண் கலங்குற, வேரை எடு, அடுத்ததைப் பார்ப்போம்" என்றார் செல்வி அக்கா. அன்றிலிருந்து குழாயடியில் ஒரு வாளியும் பிரஷும் வைத்திருக்கிறோம். ஒரு பாத்தியில் வேலை செய்த மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோவதில்லை. முடிச்சு வேர் எதுவும் மட்குத் தொட்டிக்குப் போகாது, கட்டிக் குப்பைக்குத்தான்.

மார்ச் கடைசியில் பாத்தியைக் காலி செய்து, நன்றாக நனைத்து, வெயில் சூட்டில் புழு சாகட்டும் என்று கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை இழுத்து மூடி ஓரங்களைப் புதைத்தேன். ஆறு வாரம். அந்த நாட்களில் மதிய வெயில் நெட்டுக் குத்தாக அடிக்கும், ஆனால் பிற்பகலில் இடியும் மழையும் வந்துவிடும். வெப்பமானி குத்திப் பார்த்ததில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் 47 டிகிரி, 20 சென்டிமீட்டரில் 36. அந்தச் சூட்டில் அடியில் இருப்பவை சாகாது. மூட்டம் அதிகமான நம் ஊரில் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மே நடுவில் செண்டுமல்லி. உயரமில்லாத, சின்னப் பூ விடும் ரகம். ஓரத்தில் நாலு செடி வைத்தால் போதாது. பாத்தி முழுக்க ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி நட்டேன். புழுவை அடக்கும் வேலையைச் செய்வது அதன் வேர், அதனால் வேர் எல்லா இடத்துக்கும் போக வேண்டும். களையையும் விடக்கூடாது, பல களைகளில் புழு வசதியாகத் தங்கும். பதினோரு வாரம் பாத்தி மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருந்தது. மாக்சிக் காலையில் நடக்கப் போகும்போது அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். வெட்டி மண்ணில் புரட்டியது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதோடு மட்கு உரமும் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தேன்.

ஆகஸ்டில் மறுபடி வெள்ளரிச் சோதனை, இந்த முறை பாத்தியின் மூன்று இடத்து மண்ணில். மேற்கிலும் நடுவிலும் வேர் சுத்தம். கிழக்கு மூலை மண்ணில் ஏழு சின்ன முடிச்சு எண்ணினேன். பிப்ரவரியில் எண்ணவே முடியாத அளவு இருந்தது.

செப்டம்பரில் மேற்குப் பாதியில் மட்டும் ஆறு வெண்டை நட்டேன். கிழக்கில் முப்பது நாள் கீரை, ஒவ்வொரு அறுவடையிலும் வேரையும் சேர்த்து எடுத்துவிடுகிறேன். தக்காளியும் மிளகாயும் புது மண் நிரப்பிய தொட்டியில். இந்த வாரம் வெண்டை என் தோள் உயரம். மதியம் போய்ப் பார்த்தேன், இலை தொங்கவில்லை. நேற்று பதினாறு காய் பறித்து, பாதியை மாக்சிக் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். டிசம்பர் மழை தொடங்கியதும் ஆறில் ஒன்றைப் பிடுங்கி அலசிப் பார்ப்பதாக இருக்கிறேன். எந்தச் செடி என்று இப்போதே ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்தாயிற்று.