தண்ணித் தட்டு

"ஏனுங்க, டார்ச் இருந்தாக் கொண்டாங்க" என்றார் கொசுப்புழு பார்க்க வந்த அக்கா. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் வெளிச்சம் அடித்தால், ஏழெட்டுப் புழு தலைகீழாகத் தொங்கி நெளிகிறது.

"டெங்குப் புழு தொங்குமுங்க. மலேரியாப் புழுன்னா தண்ணிமேல படுத்தாப்புல கெடக்கும்."

மலேரியா என்றதும் எனக்கு தென்கிழக்கு ஆசியாவின் போர்னியோ தீவு ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை வைக்க வைக்க, குரங்கும் கொசுவும் கூலியாளும் ஒரே ஓரத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. குரங்குகளுக்கு வரும் நோலெசி என்ற மலேரியா வகை மனிதர்களிடமும் பரவலாக இருப்பது 2004இல் அந்தத் தீவிலுள்ள மலேசிய மாநிலமான சரவாக்கில் தெரிந்தது.

2018இல் மலேசியாவில் உள்ளூர்த் தொற்றாக, மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு பரப்பும் வழக்கமான மலேரியா ஒருவருக்கும் இல்லை. நோலெசி மட்டும் ஆயிரக்கணக்கில்!

காட்டுக் குரங்குக்கு யார் மாத்திரை கொடுப்பது? வீட்டுச் சுவரில் மருந்தடித்தாலும் பெரிய பிரயோசனமில்லை, அந்தக் கொசு பொழுதுசாய வெளியிலேயே கடிக்கிற ரகம்.