விவாதம் சண்டையாகும் அந்த ஒரு வரி

இணையக் குழுவில் ஒரு விவாதம் கெட்டுப்போவது பெரும்பாலும் வசவில் தொடங்குவதில்லை. "இந்தக் கணக்கு தப்பு" என்பது "உங்களுக்குக் கணக்கே தெரியாது" என்று மாறும் வரியில் தொடங்குகிறது. நிர்வாகி தலையிட வேண்டிய இடம் அதுதான். வசவு வரும்வரை காத்திருந்தால் ஆட்கள் அணி பிரிந்திருப்பார்கள். பிறகு எந்த நடவடிக்கையும் ஒருதலைப்பட்சமாகவே தெரியும்.

முகம் காட்டாமல், எதிரில் இருப்பவரின் எதிர்வினையை உடனே பார்க்காமல் பேசும்போது மனிதர்களின் கட்டுப்பாடு தளர்கிறது என்று உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் விளக்கினார். அதனால் முதலில் வேகத்தைக் குறையுங்கள். டெலிகிராமில் இதற்கென்றே 'ஸ்லோ மோட்' இருக்கிறது: ஒருவரின் இரு செய்திகளுக்கு நடுவே சில வினாடிகள் முதல் 1 மணி நேரம் வரை இடைவெளி வைக்கலாம்.

ஒருவரின் கருத்தை நீக்கினால் எந்த விதி, எந்த வரி என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், தன் நிலைப்பாட்டுக்காகவே தண்டிக்கப்பட்டதாக அவர் நினைப்பார். எச்சரிக்கை தனிச்செய்தியில் போகட்டும். பலர் முன்னால் கண்டித்தால் அவருக்குப் பின்வாங்க வழி இருக்காது, இன்னும் முறுக்கிக்கொள்வார்.

எழுதுபவர்களுக்கு, கணித உளவியலாளர் அனடோல் ராப்போபோர்ட் பெயரில் வழங்கும் முறை அருமையானது. எதிர்த்தரப்பு வாதத்தை, அவரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்து உடன்படும் இடங்கள், அவரிடம் கற்றுக்கொண்டவை. மறுப்பு அதற்குப் பிறகுதான். மறுக்கும் வரியை அப்படியே மேற்கோளாகப் போட்டால், சொல்லாததற்குப் பதில் சொல்லும் வம்பும் இல்லை.

ஒன்று மட்டும்: "ஆதாரம் எங்கே?" என்று கேட்பது அநாகரிகம் அல்ல. மரியாதையின் பெயரால் அந்தக் கேள்வியை நீக்காதீர்கள்.