அனுமதி கிடைத்தது, கார்னெட்டில் மாட்டினோம்

வெளிநாட்டில் ஷூட்டிங் என்றால் எல்லோரும் விசாவையும் லொகேஷன் அனுமதியையும் நினைத்துத்தான் பயப்படுவார்கள். எங்களுக்கு அவை இரண்டும் தொல்லை தரவே இல்லை. அங்கே எங்கள் படப்பிடிப்பு ஏற்பாடுகளைக் கவனித்த லைன் புரொடியூசர் கெட்டிக்காரர். சாலைக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று, கட்டட உரிமையாளர் கேட்ட இன்சூரன்ஸ் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் நாங்கள் போவதற்குள் முடித்து வைத்திருந்தார். எங்கள் உயிரை எடுத்தது ஏ.டி.ஏ. கார்னெட் என்ற சுங்க ஆவணப் புத்தகம்.

கேமரா சாமான்களைச் சுங்க வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர அதைவிட நல்ல வழி இல்லை. அதிகபட்சம் ஓராண்டு செல்லும். ஆனால் அதில் இருக்கும் பட்டியல்தான் வேதம். எந்தப் பொருள், என்ன சீரியல் எண், என்ன எடை, என்ன மதிப்பு என்று ஒருமுறை ஏறிவிட்டால், அதன்பின் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தவர்கள், பெட்டி கட்டும் நேரத்தில் ஐம்பது எம்.எம். லென்ஸை மாற்றி அனுப்பிவிட்டார்கள். கேட்டால், "அதே மாடல்தானே சார், என்ன வித்தியாசம்?" என்கிறார்கள். ஒளிப்பதிவாளருக்கு வித்தியாசம் இல்லைதான். சுங்க அதிகாரிக்கு அது வேறு லென்ஸ். பட்டியலில் இருந்த லென்ஸோ இன்னொரு யூனிட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அதைப் பிடுங்கி வர வைத்தோம். வாடகைக்கு எடுக்கிறவர்கள், சாமான் கொடுப்பவர்களிடம் சீரியல் எண் பட்டியலில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுங்கள். சாமான் வந்ததும் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். டேப், விளக்குக்கு முன்னால் போடும் வண்ண ஜெல் தாள் மாதிரி தீர்ந்துபோகிற பொருள்களுக்குக் கார்னெட் செல்லாது. அந்த ஊரிலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

உபரி பேட்டரிகள் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-ஹவர் வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுதான். பெரியதை விட்டுவிட்டுச் சிறியதாக எடுத்து யூனிட்டில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தோம்.

கார்னெட்டில் கிளம்பும்போது சுங்க முத்திரை, இறங்கியதும் முத்திரை, எல்லாம் சுமுகம். திரும்பும்போதுதான் வினை. செக்-இன் கவுன்டரில் இருந்த பெண், "முதலில் பெட்டியைப் போடுங்கள், முத்திரையை உள்ளே வாங்கிக்கொள்ளலாம்" என்றார். தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். பெட்டி பெல்ட்டில் போய்விட்டால் அதிகாரி எதைப் பார்த்து முத்திரை குத்துவார்? நாங்கள் போடாமல் சுங்கக் கவுன்டருக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கிருந்தவர் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், "இது கார்கோ வேலை, அந்த டெர்மினலுக்குப் போங்கள்" என்றார். அத்தனை பெட்டிகளோடு அங்கே போனால், "பயணியோடு போகும் சாமானா? அது அங்கேதான்" என்று திருப்பி அனுப்பினார்கள். விமானத்துக்கு நேரம் நெருங்குகிறது. ஒளிப்பதிவாளர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

காப்பாற்றியது லைன் புரொடியூசர்தான். சத்தம் போடவில்லை. வந்திறங்கிய அன்று அதே பயணிகள் முனையத்தில் விழுந்த முத்திரையை, கார்னெட் புத்தகத்திலேயே தங்கும் அடிக்கட்டையில் விரல் வைத்துக் காட்டி, "உள்ளே விட்டது நீங்கள், வெளியே விடவும் நீங்கள்தானே?" என்று கேட்டு, மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்தார், ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார், உள்ளே இருந்து ஒரு லென்ஸை எடுத்தார். அந்த ஐம்பது எம்.எம்.! எண் சரியாக இருந்தது. குத்திவிட்டார்.

முத்திரை வாங்கியதும் தேதியும் பட்டியலின் வரிசை எண்களும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். அடிக்கட்டையைப் படமெடுத்து வையுங்கள். வெளியேறியதற்கு முத்திரை இல்லையென்றால், கார்னெட் காலாவதியாகி ஓராண்டு வரைகூட அந்த நாட்டுச் சுங்கம் வரி கேட்கலாம், கூடவே பத்து சதவீதம் வரை அபராதமும் வரும். ஊர் வந்து இறங்கியதும் மறு இறக்குமதி முத்திரையை மறக்காதீர்கள். எவ்வளவு தூக்கம் வந்தாலும் சரி.

கார்னெட் கொடுத்தவர்களிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிணையாகக் கட்டிய பணம்தான் இன்னும் வரவில்லை. கேட்டால், "பரிசீலனையில் இருக்கிறது" என்கிறார்கள்.