ஐந்தரை மாத்திரையின் கணக்கு

நான்கு வயதுப் பிள்ளை. எடை 17 கிலோ, உயரம் 105 செ.மீ. இரண்டையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பு 0.7 சதுர மீட்டர். பிள்ளைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் பராமரிப்புக் கட்டம் என்று ஒன்று உண்டு. அதில் சிக்ஸ்-எம்பி என்று எல்லோரும் சொல்லும் மெர்காப்டோபியூரினைச் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் வீதம் தொடங்கினால், இந்தப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம். கையில் இருக்கும் மாத்திரையோ 50. அதனால் வாரக் கணக்கு போட வேண்டும்: தேவை 245, ஐந்து மாத்திரை என்றால் 250. மூன்று நாள் முழு மாத்திரை, நான்கு நாள் அரை மாத்திரை. கூடவே மெத்தோட்ரெக்ஸேட், வாரத்தில் ஒரே ஒரு நாள், சதுர மீட்டருக்கு 20 வீதம் 14 மில்லிகிராம். 2.5 மில்லிகிராம் மாத்திரையில் அது ஐந்தரை. ரத்த அணு எண்ணிக்கையைப் பார்த்து மருத்துவர் இதைக் கூட்டுவார், குறைப்பார்.

96 வாரத்துக்கு சிக்ஸ்-எம்பி 480 மாத்திரை, மெத்தோட்ரெக்ஸேட் 528. இரண்டு வருட மருந்தும் ஒரு மஞ்சப்பையில் அடங்கிவிடும். சிக்ஸ்-எம்பி 1953-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. இதே நோய்க்குப் போடும் வின்கிரிஸ்டின் ஊசி 1963-இல் வந்தது. காப்புரிமை எல்லாம் எந்தக் காலத்திலோ முடிந்துபோனது.

அப்படியிருந்தும், உலகில் ஆண்டுதோறும் புற்றுநோய் வரும் சுமார் 4 லட்சம் பிள்ளைகளில் பணக்கார நாட்டில் பிறந்தவர்களுக்கு 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது. ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, சிகிச்சையைப் பாதியில் விடுவது எல்லாம் இதில் சேரும். ஆனால் மருந்தே வராமல் போவதும், வந்த மருந்து தரமில்லாமல் போவதும் ஒரு பெரும் பங்கு. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய சிறார் புற்றுநோய் முயற்சி, 2030-க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 சதவீதப் பிள்ளைகளாவது பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது.

விலை குறைந்த மருந்து ஏன் வரவில்லை? மேலே போட்ட கணக்கிலேயே விடை இருக்கிறது. பத்துப் பிள்ளைகள் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கு இரண்டு வருடத்துக்கு 4,800 சிக்ஸ்-எம்பி போதும். அதற்காக ஒரு சின்ன நாட்டில் போய்ப் பதிவு செய்து, கட்டணம் கட்டி, கப்பலேற்ற எந்தக் கம்பெனிக்கும் கட்டுபடியாகாது. இடைத்தரகர் கையில் எது சிக்குகிறதோ, அதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு வரும்.

திருநெல்வேலிச் சீமையில் இருப்பவர்களுக்கு இதற்கான மருந்து என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் செய்வது அதைத்தான். மாநிலத்துக்கே சேர்த்து ஒரே டெண்டர், மாவட்டத்துக்குக் கிடங்கு, ஒதுக்கிய தொகையையும் எடுத்த மருந்தையும் பதிய ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். வந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயர் தெரியாமல் குறியீடு மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே வெளியே விடுவார்கள். அந்தக் குறியீட்டு வேலைதான் இதில் நாங்கள் பெரிதாக மதிப்பது.

உலக அளவில் அதே யோசனையைக் கையில் எடுத்திருப்பது, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் சிறார் ஆராய்ச்சி மருத்துவமனையும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2021 டிசம்பரில் அறிவித்த மருந்துத் தளம். ஆறு ஆண்டுகளுக்கு 20 கோடி டாலர் தருவதாக செயின்ட் ஜூட் சொன்னது. கொள்முதல் யுனிசெஃப் வழியாக. 2025 பிப்ரவரியில் முதல் மருந்துகள் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் போயின. அப்போது அடுத்த வரிசையில் இருந்தவை ஈக்வடார், ஜோர்டான், நேபாளம், ஜாம்பியா. இந்த நாடுகளில் பிள்ளைகளுக்கு மருந்து இலவசம். அப்போதிருந்து ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் 50 நாடுகள், 1,20,000 பிள்ளைகள் என்பது திட்டம்.

பணம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் மருந்துக் கிடங்கில் ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டும். முதல் தப்பு தேவைப் பட்டியலிலேயே நடக்கும். போன வருடம் எவ்வளவு செலவானது என்று பார்த்து இந்த வருடத்துக்கு எழுதுவார்கள். போன வருடம் மூன்று மாதம் மருந்தே இல்லை என்றால், அந்தப் பஞ்சமும் கணக்கில் ஏறி, இந்த வருடமும் குறைவாகவே வரும். எத்தனை பிள்ளைகள், என்ன நோய், எந்தச் சிகிச்சை நெறிமுறை, சராசரி உடல் பரப்பு என்று கீழிருந்து கூட்டி வர வேண்டும். குப்பியில் வீணாவதையும் சேர்க்க வேண்டும். நம் நான்கு வயதுப் பிள்ளைக்கு வின்கிரிஸ்டின் 1.05 மில்லிகிராம். 1 மில்லிகிராம் குப்பி மட்டும் இருந்தால், அந்த 0.05-க்காக இரண்டாவது குப்பியை உடைப்பதா என்ற கேள்வி அங்கேயே வந்துவிடும்.

இரண்டாவது, சோடி மருந்துகள். அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் ஏற்றினால், குறித்த நேரத்தில் லூகோவோரின் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. ஐபோஸ்ஃபமைடு என்ற புற்றுநோய் மருந்து என்றால் மூத்திரப்பையைக் காக்க மெஸ்னா வேண்டும். ஒன்று வந்து மற்றது வராவிட்டால், கிடங்கில் ‘இருப்பு உள்ளது’ என்று காட்டும், வார்டில் சிகிச்சை நிற்கும். பட்டியல் போடும்போதே இவற்றைச் சோடியாக ஒரே வரியில் எழுத வேண்டும்.

மூன்றாவது, குளிர். வின்கிரிஸ்டினும், அஸ்பராஜினேஸ் என்ற என்ஸைம் ஊசியும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வள்ளியூருக்கோ சங்கரன்கோவிலுக்கோ தெர்மாகோல் பெட்டியில் மருந்து போகிறது என்றால், எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் பயப்படுவார்கள். உண்மையில் உறைந்துபோவதும் அதே அளவு கேடு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே குப்பியை ஒட்டி வைத்தால் மருந்து உறையும். பேக்கை வெளியே வைத்து, காதோரம் ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் சலசலவென்று கேட்ட பிறகு துடைத்து, நடுவில் அட்டை வைத்து அடுக்க வேண்டும்.

தரத்தைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். 2022-இல் ஏமனில், கிருமி கலந்த மெத்தோட்ரெக்ஸேட் ஊசியால் ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் இறந்தார்கள். அஸ்பராஜினேஸ் வேறு விதம். குப்பி, லேபிள் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் ஊசி போட்ட பிறகு பிள்ளையின் ரத்தத்தில் என்ஸைம் வேலை செய்யும் அளவு தேறாது. மில்லிலிட்டருக்கு 0.1 யூனிட் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இந்திய மையங்கள் சிலவே அளந்து பார்த்து, சில ஜெனரிக்குகள் அதை எட்டவில்லை என்று வெளியிட்டிருக்கின்றன. விலையை மட்டும் பார்த்து டெண்டர் விட்டால் இதுதான் கிடைக்கும்.

வின்கிரிஸ்டினைப் பற்றி இன்னொன்று. இது ரத்தக்குழாயில் மட்டுமே போக வேண்டிய மருந்து. அதே நாளில் முதுகுத் தண்டில் போடும் மெத்தோட்ரெக்ஸேட்டும் சிரிஞ்சில் தயாராக இருக்கும். மாறிப்போய் வின்கிரிஸ்டின் முதுகில் ஏறினால் பிள்ளை பிழைப்பது அரிதினும் அரிது. அதனால் வின்கிரிஸ்டினை சிரிஞ்சில் வைக்கவே கூடாது. 50 மில்லி சலைன் பையில் கலந்தால், அதை யாரும் முதுகில் போட நினைக்க முடியாது.

கடைசி மைல் வீட்டு அடுக்களை. சிக்ஸ்-எம்பியை அம்மியில் நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுப்பது இங்கே சாதாரணம். செய்யக் கூடாது, இது செல்லைக் கொல்லும் மருந்து, அம்மியில் ஒட்டியது மறுநாள் சட்னியில் வரும். மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி வாங்கி, கையுறை போட்டு வெட்டுங்கள். வீட்டில் மாசமாக இருப்பவர்கள் தொட வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு ‘வெள்ளிக்கிழமை மாத்திரை’ என்று பெயரே வைத்து, அட்டையில் எழுதி, தனி டப்பாவில் வையுங்கள். வார மாத்திரையைத் தினமும் கொடுத்துவிடுவது, இதில் நடக்கும் ஆகக் கொடிய வீட்டுத் தப்பு.

“பிள்ளை நல்லா ஓடியாடி வெளாடுதான், இனி எதுக்கு மாத்திர?” என்று ஆச்சிமார் கேட்பார்கள். மாதத்தில் இரண்டு நாள் விட்டாலே நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன என்பதை அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் கலந்த சத்து டானிக்கைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம், அது மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு எதிராக நிற்கும். படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் இட்ராகோனசோல், வின்கிரிஸ்டினோடு சேர்ந்தால் நரம்பைப் பாதிக்கும், கால் தளர்ந்துபோகும்.

மதுரை, திருவனந்தபுரம், அடையாறு, வேலூர் என்று நெல்லைப் பிள்ளைகள் போக வேண்டியிருக்கிறது. மருந்து இலவசமானாலும் பயணம் இலவசமில்லை. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரயிலில் ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி இரண்டிலும் புற்றுநோயாளிக்கு முழுச் சலுகை, கூட வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் சான்று வாங்கி ஜங்ஷன் கவுன்டரில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காலி மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள். புது அட்டையில் பெயர், மில்லிகிராம், காலாவதித் தேதி மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மருந்து கவுன்டரை விட்டு நகராமல் கேளுங்கள்.